வெந்நீர் ஊற்றில் பார்த்த முழங்கால்

சனிக்கிழமை, காலை 8.35, சாங்கி விமான நிலையம். விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து தலைக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்தபடியே வலது காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் ஒரே இருப்பு. இப்படி உட்கார்ந்து எழுந்தால் என் முழங்கால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிடும். பத்துத் தடவை நீட்டி மடக்கினால்தான் நடக்க விடும். அந்தப் பத்தை எண்ணி முடித்துக் கடைசி ஆளாக இறங்கினேன்.

முதல் நூறு அடி மரக்கால் வைத்தவள் போல நடந்தேன். பிறகு இளகிவிட்டது. இளகியதும்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். காலுக்கடியில் மெத்தென்ற கம்பளம், ஊர்த் தெரு நீளத்துக்கு. நடுவில் தரையே நகர்கிறது. ஏறி நின்றால் போதும், நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. கூரைக்குக் கீழே மரங்கள், கொடிகள், அவற்றுக்கிடையே சலசலக்கும் தண்ணீர். ஒரு விமான நிலையத்துக்குள் ஈர மண் வாசனை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நகரும் தரையை விட்டு இறங்கி, ஆசை தீர இன்னொரு முறை ஏறி வந்தேன். ஐம்பத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் வெட்கப்படுவதாக இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் மல்லிகா. திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருடம் புடவை விரித்துக் காட்டியவள். மூன்று வருடங்களுக்கு முன் முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். முதல் ஒரு வருடம் தைலமும் கட்டும் அழுகையுமாகப் போனது. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். தொடைச் சதை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையும் என்று புரியவைத்தார். காலைத் தூக்கி நிறுத்தும் பயிற்சி, தரையில் உட்காராமல் நாற்காலி, ஆறு கிலோ எடைக் குறைப்பு, தினமும் நடை. வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது என்னோடுதான் குடியிருக்கிறது. ஆனால் வீட்டு நிர்வாகம் இப்போது என் கையில்.

வெளியே ஹாஜிரா லாத்தா காத்திருந்தார். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நாகப்பட்டினம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நாற்பது வருடமாகச் சிங்கப்பூர்வாசி. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாணப் புடவைகள் எடுக்க எங்கள் கடைக்கு வருவார், என்னிடம்தான் எடுப்பார். வாடிக்கை நட்பாகி, ஓய்வு பெற்றதும் "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று அவர் கூப்பிட, இதோ வந்துவிட்டேன்.

"வந்துட்டியா! நடக்க முடியுதாலா?" என்று, சிங்கப்பூர்ப் பேச்சில் எதிலும் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு கேட்டு, என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"உங்களை விட வேகமா நடப்பேன் லாத்தா."

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பி சேகர் இங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருபத்துநான்கு வருடமாக வேலை செய்கிறான். வயது ஐம்பத்திரண்டு. வருடம் தவறாமல் ஊருக்கு வருகிறவன், போன இரண்டு வருடமாக வரவில்லை. கேட்டால் வேலை நெருக்கடி, லீவு இல்லை என்று ஏதாவது சொல்வான். வீடியோவில் பேசும்போது முகம் மட்டும்தான் தெரியும். அவன் மனைவி என்னிடம், "அண்ணி, நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை 5.00, செம்பவாங். சாங்கியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். லாத்தாவின் வீடு பன்னிரண்டாவது மாடியில். ஒரு காலத்தில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளம் இருந்த வட்டாரமாம். லாத்தாவின் மாமனார் அங்கே பண்டகசாலையில் இருந்தவர். இப்போது எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள்தான். அந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. நிழலில் உடற்பயிற்சிச் சாதனங்கள், அவற்றில் எல்லாம் வயதானவர்கள். ஒரு சீனப் பாட்டி உட்கார்ந்தபடி மிதிவண்டி மிதிக்கிறார். எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து எழுகிறார். யாரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை, என்னைத் தவிர.

சாலையைக் கடக்க நின்றோம். லாத்தா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து சிக்னல் கம்பத்தில் ஒற்றினார். நடக்கச் சொல்லும் பச்சை மனித உருவம் விளக்கில் தோன்றியது. வினாடிகள் குறையத் தொடங்கின.

"எதுக்கு அட்டை?"

"சீனியர் கார்டு. இதைத் தட்டினா பச்சை கூடக் கொஞ்ச நேரம் நிக்கும். நம்ம மெதுவா போகலாம்லா."

நான் சாலை நடுவிலேயே நின்றுவிட்டேன். ஊரில் சாலை கடக்கும்போது நான் எத்தனை வண்டிக்காரர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்! இங்கே ஓர் அட்டையை ஒற்றினால் ஒரு நகரமே பிரேக் போட்டுக் காத்திருக்கிறது. "ஏ, நின்னுட்டியே, நட நட" என்று லாத்தா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு, காலை 9.40, லிட்டில் இந்தியா. செம்பவாங்கில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தம். முக்கால் மணி நேரப் பயணம், கட்டணம் இரண்டு வெள்ளிக்குப் பக்கம்; டாலரை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். ரயில் முதலில் மரங்களின் தலைக்கு மேலே ஓடுகிறது. பாதியில் பூமிக்குள் புகுந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மல்லிகைப் பூ, வெங்காயச் சாம்பார், சாம்பிராணி, எல்லாம் சேர்ந்த காற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் கூட்டமாக நம் ஊர் ஆண்கள். தஞ்சாவூர்ப் பேச்சும் ராமநாதபுரத்துப் பேச்சும் தேக்கா சந்தை வாசலில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நாலு மணி நேரம் பறந்து வந்தது எதற்கு என்று ஒரு கணம் குழம்பிப் போனேன்.

சேகர் சந்தைக்கு எதிரே ஒரு தாழ்வான சுவரில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கை அசைத்தான். ஆனால் எழுந்து ஓடி வரவில்லை. எழுவதற்கு முன் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். பிறகு ஒரு கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்தான்.

முப்பத்தொரு வருடம் படியேறி வந்த வாடிக்கையாளர்களைப் பார்த்தவள் நான். எந்தக் காலணிக் கயிறும் அவிழ்ந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"எளச்சிட்டியேடா," என்றேன்.

"நீதான் எளச்சிருக்க. என்னக்கா, சினிமாவுல சேரப் போறியா?"

சிரித்தான். கிட்டே வந்தபோது தைல வாசனை தூக்கியது. சந்தையில் தேநீர் குடித்தோம். கோப்பை ஒரு வெள்ளி நாற்பது காசு. அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து வாயில் போட்டுத் தேநீரோடு விழுங்கினான். பூக்கடைகளையும் நகைக் கடைகளையும் காட்டினான். எங்கு போனாலும் லிஃப்ட் இருக்கிறதா என்று அவன் கண் தேடியது. "இங்க எல்லாம் லிஃப்டுலதான் போறது, இந்த ஊர் பழக்கம்" என்றான். ஓரிடத்தில் லிஃப்ட் இல்லை. பத்துப் பன்னிரண்டு படிகள் கீழே இறங்க வேண்டும். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினான்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கடை மாடிப்படியில் நான் அப்படித்தான் இறங்கினேன்.

"கால் எப்படா இப்படி ஆச்சு?"

"புது ஷூக்கா. கடிக்குது."

அதற்கு மேல் அங்கே நான் கேட்கவில்லை. நாலு பேர் நடமாடும் தெருவில் ஐம்பத்திரண்டு வயது மனிதனைக் குறுக்கு விசாரணை செய்வது சரியில்லை.

ஞாயிறு, மதியம் 2.30, செம்பவாங் வெந்நீர் ஊற்று. காலையிலேயே லாத்தா ஆறு முட்டைகளைக் கையில் கொடுத்து, "சேகரைக் கூட்டிட்டுப் போ. முட்டையை அங்கேயே அவிச்சுச் சாப்பிடலாம்" என்றிருந்தார். கேலி என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால், இந்தக் கண்ணாடிக் கோபுர நகரத்தில், பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொதித்து வருகிறது! எழுபது டிகிரி என்கிறது பலகை. அனுமதி இலவசம். தண்ணீர் படிப்படியாகத் தொட்டிகளில் இறங்கி ஆறிக்கொண்டே வர, கீழ்த்தொட்டிகளைச் சுற்றிச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு கால்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார். ஒரு பெண்மணி தன் முழங்காலை நீவியபடி பக்கத்தில் இருந்தவருடன் பேசுகிறார். மலையில்லை, எரிமலை இல்லை. சாலையில் பேருந்து ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் தரைக்கடியில் எங்கோ ஓர் அடுப்பு எந்நாளும் எரிகிறது. அங்கிருந்த வாளியில் வெந்நீரைப் பிடித்து முட்டைகளைப் போட்டு வைத்தேன்.

நான் புடவையைச் சற்று உயர்த்திக் காலை வைத்தேன். ஆகா! சுகம் என்றால் அது சுகம். சேகர் காலணியைக் கழற்றாமல் நின்றான்.

"வாடா."

"வேணாம்க்கா. நீ வை."

"இத்தன பேரு வச்சிருக்காங்க. உனக்கென்ன?"

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்தான். இடது கால் முதலில். பிறகு, மெதுவாக, வலது.

வலது முழங்கால் இடதைவிட ஒரு சுற்று பெருத்திருந்தது. ஓரங்களில் எலும்பு புடைத்திருந்தது. கால் சற்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அதற்கு மேலே, தொடைச் சதை கரைந்து, ஒரு கால் இளைஞனுடையதாகவும் ஒரு கால் கிழவனுடையதாகவும் தெரிந்தது. தோல் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டி உரித்த அடையாளங்கள். என் கையை அந்த முழங்கால் மேல் வைத்து, "மடக்கு" என்றேன். மடக்கினான். உள்ளங்கைக்குக் கீழே மணலை மிதித்தது போல நறநறத்தது.

"எத்தன நாளா?"

வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு வருஷம் இருக்கும்."

"அதனாலதான் ஊருக்கு வரலியா?"

"வந்தா அவ பாத்துருவா. பாத்தா வேலய விட்டுட்டு வாங்கம்பா." முழங்காலை நீவிக்கொண்டே தொடர்ந்தான்: "காலைல எந்திரிச்சா ஒரு இருவது நிமிஷம் மடக்கவே முடியாது. அஞ்சு மணிக்கு கிராஞ்சில எங்க டார்மிட்டரி வாசல்ல லாரி. பின்னாடி ஏறணும். கூட இருக்கவன் ஒருத்தன் தினம் கை குடுப்பான். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கேன்."

"கம்பெனில சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? சாரத்துல ஏறாத வெல்டர எதுக்குக்கா வச்சிருப்பான்? டிக்கெட் போட்டு அனுப்பிருவான்."

முட்டை வெந்துவிட்டது. அவன்தான் உரித்துக் கொடுத்தான். கையில் உப்பைத் தட்டிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான்: "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, ஏணில ஏறுறப்ப முட்டி சட்டுனு விட்டுருச்சு. கால் இருக்கிற மாதிரியே இல்ல. பெல்ட் மாட்டியிருந்தேன், தொங்கிட்டேன். கீழ இருந்தவன் புடிச்சு இறக்குனான். நாலு மாடி உசரம்."

கையிலிருந்த முட்டையைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டேன். சுற்றிலும் ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி நாலு மாடி உயரத்தில் ஒரு பெல்ட்டில் தொங்கியதை அந்த வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு முதல்முறையாகக் கேட்கிறேன்.

"செவ்வாய்க்கிழமை லீவு போடு," என்றேன். "டாக்டரைப் பாக்கிறோம். நீ வரலேன்னா நான் உன் டார்மிட்டரி வாசல்ல வந்து உக்காருவேன்."

"அங்க பஸ்ஸே சரியா வராதுக்கா."

"நடந்து வருவேன்."

என்னை ஒருமுறை பார்த்தான். நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும்.

செவ்வாய், காலை 10.15. லாத்தாவின் குடும்ப டாக்டர், அவர் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி, கீழ்த்தளத்தில். நாற்பது வயதிருக்கும் தமிழ்ப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சேகர் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதையே அவர் கவனித்துக்கொண்டிருந்தார். பாதி நோயை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"காலைல ஸ்டிஃபா இருக்கா? எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிஷம் டாக்டர்."

"அரை மணிக்குள்ள விட்டுடுது. ஓகே. ரெஸ்ட் எடுத்தா வலி குறையுதா, வேலை செஞ்சா கூடுதா? படி இறங்கும்போது ஜாஸ்தியா? முன்னாடி அடி பட்டிருக்கா?"

பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு இரும்புத் தகடு முட்டியில் விழுந்ததாம். எங்கள் யாருக்கும் அவன் சொல்லாத இன்னொரு கதை. டாக்டர் முழங்காலை அழுத்தி, மடக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டார். பிறகு, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார்.

சேகர் தயங்கித் தயங்கி இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று கடையில் வாங்கியது. இன்னொன்று ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தது.

"ரெண்டும் ஒண்ணா? தினமும்?"

"வலி விடணும்ல டாக்டர்."

"ரெண்டும் ஒரே குடும்பம்லா. சேர்த்துப் போட்டா வலிக்கு டபுள் பலன் இல்ல, வயித்துக்கும் கிட்னிக்கும்தான் டபுள் ஆபத்து." ரத்த அழுத்தம் பார்த்தார். அதிகமாக இருந்தது. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். அந்த அட்டைகளை அவனிடம் திருப்பித் தரவில்லை.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மதியம் மறுபடி போனோம். திரையில் படத்தைப் போட்டார். என் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தம்பியுடையதைப் பார்ப்பது வேறு. எலும்பின் உள்ளேயே வெளிச்சம் இருப்பது போன்ற வெண்மை. தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது. மறுபக்கம் ஒரு நூல் அளவுதான். ஓரங்களில் முள் போலச் சிறு வளர்ச்சிகள். இருபத்துநான்கு வருடம் அவன் முட்டி போட்ட இடமெல்லாம் அங்கே எழுதியிருந்தது போல எனக்குத் தோன்றியது.

"தேஞ்சு போச்சா டாக்டர்? ஆபரேஷனா?" சேகரின் குரல் உள்ளே போய்விட்டது.

"தேஞ்சிருக்கு, ஆனா முடிஞ்சு போகல. தேய்மானம்னு சொன்னதும் எல்லாரும் டயர் மாதிரி நினைக்கிறாங்க. இது உயிருள்ள ஜாயிண்ட். அசைச்சாத்தான் அதுக்குச் சாப்பாடு. சும்மா வச்சா இன்னும் மோசமாகும், பாரத்தைத் திடீர்னு ஏத்தினாலும் மோசமாகும். உங்க தொடை மசில் போயிடுச்சு, அதான் ஏணில முட்டி விட்டது. அதை முதல்ல கட்டணும். மேல தடவ ஜெல் தர்றேன். பிசியோவுக்கு அனுப்புறேன். ஆபரேஷன் கடைசி ஆப்ஷன், இப்போ பேச வேணாம்."

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். "இது உங்க கம்பெனிக்கு. ஆறு வாரம் ஏணி, சாரம், முட்டி போடற வேலை கூடாது."

சேகர் அந்தத் தாளைத் தொடவில்லை. "கம்பெனிக்கு வேணாம் டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் சேகர், நீங்க விழுந்தா நீங்க மட்டும் விழ மாட்டீங்க. கீழ ஆள் இருக்கும்."

கடைசியில் தாளை நான்தான் எடுத்து என் பையில் வைத்தேன்.

செவ்வாய், மாலை 4.30, செம்பவாங் படகுத்துறை. விடுதிக்குத் திரும்ப அவனுக்கு மனமில்லை. கடலைப் பார்க்கலாம் என்றான். பழைய படகுத்துறையில் வரிசையாகத் தூண்டில்காரர்கள். எதிரே ஒரு மெல்லிய நீர்ப்பரப்புக்கு அப்பால் மலேசியா, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அந்த நீரில் ஒரு சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கப்பலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதன் பக்கச் சுவர், அதைச் சுவர் என்றுதான் சொல்ல வேண்டும், மலைக்கோட்டைப் பாறை போல எழுந்து நின்றது. அதன் கீழே போன ஒரு படகு தீப்பெட்டி அளவு தெரிந்தது.

"இந்த மாதிரிதான்க்கா," என்றான் சேகர். "துவாஸ்ல இருக்க எங்க பட்டறைல தண்ணி இல்லாத தொட்டில ஏத்தி வச்சிருப்பாங்க. அடில ரெண்டு தகடு இருக்கும். நடுவுல மூணடி, நாலடி இடைவெளி. அதுக்குள்ள ஊந்து போயி, முட்டி போட்டுத்தான் பத்த வைக்கணும். உள்ள நம்ம விளக்கு மட்டும்தான். வெளிய வந்து அண்ணாந்து பாத்தா இது நிக்கும்." கையால் அந்தச் சுவரைக் காட்டினான். "நான் போட்ட வெல்டிங் தையல் பசிபிக்ல எங்கெங்கயோ போயிட்டிருக்கு."

நான் கப்பலைப் பார்த்தேன். பிறகு அவன் முழங்காலைப் பார்த்தேன். அந்த மாபெரும் இரும்புக்குள், இருட்டில், என்னோடு பிறந்தவன் முட்டி போட்டிருந்திருக்கிறான். உலகத்தின் சரக்கெல்லாம் அந்த முட்டிகளின் மேல் ஏறித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஊரில் நான் பார்த்த எந்தக் கோபுரமும் என்னை அப்படிக் கலங்கடிக்கவில்லை.

"அந்தத் தாளைக் குடுக்கா," என்றான், கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கொடுப்பானா மாட்டானா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன், வியாழன். லாத்தா என்னை ஊர் சுற்றிக் காட்டினார். காத்தோங்கில் சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில் வாசல்வரை அவரும் வந்து, நான் கும்பிட்டு முடிக்கும்வரை எதிர்க்கடையில் எனக்காகக் காத்திருந்தார். கடலோரத் தோட்டத்தில் கண்ணாடிக் கூரைக்குள் மலையும் மூடுபனியும் அருவியும் செய்து வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் உச்சிக்குப் போய் நடந்தே இறங்கினேன். எல்லாம் அதிசயம்தான். ஆனால் என் காது கைப்பேசியிலேயே இருந்தது. அது அடிக்கவில்லை.

வெள்ளி, மாலை 6.20. அடித்தது.

"அக்கா, குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் மொதல்ல கத்தினாரு. எதுக்கு மறச்சேன்னு. அன்னிக்குத் தொங்குனத நான்தான் சொன்னேன். அதுக்கு இன்னும் கத்தினாரு. அப்புறம் மேல போயி பேசிட்டு வந்தாரு. ஆறு வாரம் தரைல, மேசை மேல வச்சுப் பத்த வைக்கிற வேலை. நின்னுக்கிட்டே செய்யலாம், நடுவுல உக்காரலாம். ஆறு வாரம் கழிச்சு டாக்டர் என்ன சொல்றாங்களோ அதப் பாத்து முடிவு பண்ணுவாங்களாம்."

"அனுப்ப மாட்டாங்களா?"

"இப்போதைக்கு இல்ல. அப்புறம் தெரியாது." ஓவர்டைம் கிடையாது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு, "வீட்டுலயும் சொல்லிட்டேன். அழுதா. மூணு வருஷமா எங்கிட்ட சொல்லலியேன்னுதான் அழுதா" என்றான்.

பன்னிரண்டாவது மாடி ஜன்னலருகே கைப்பேசியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். லாத்தா ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தேநீரை என் கையில் வைத்தார்.

ஞாயிறு, காலை 11.00, லிட்டில் இந்தியா. எனக்கு மாலையில் விமானம். விடைபெறப் போனேன். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளிக்கு வரச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்வெளி முழுக்க நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, பேசி, வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

தூரத்திலிருந்தே ஒரு கூட்டம் வித்தியாசமாகத் தெரிந்தது. ஏழு ஆண்கள் மரநிழலில் துண்டு விரித்து மல்லாந்து படுத்திருந்தார்கள். நடுவில் சேகர். ஒவ்வொருவரும் ஒரு காலை மடித்து, மறு காலை நேராக நீட்டி, புல்லிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. எறக்கு!"

கால்கள் இறங்கின. "அம்மாடி" என்று ஒருவர் முனகினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சேகர் என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். "நம்ம ரூம் ஆளுங்கக்கா, எல்லாரும் வெல்டருங்க. புதன்கெழம பிசியோல ஒரு மலாய்க்காரர் இதைச் சொல்லிக் குடுத்தாரு. ரூம்ல வந்து செஞ்சிட்டிருந்தேன். என்னடா பண்றேன்னு கேட்டாங்க. முட்டின்னேன். ஒவ்வொருத்தனா, எனக்கும், எனக்கும்ங்கிறான். பன்னெண்டு பேரு படுக்கிற ரூம்ல ஏழு பேருக்குக்கா! ஒருத்தனுக்குத் தெரியாம ஒருத்தன் தைலம் தேச்சிட்டிருந்திருக்கோம்."

தினமும் லாரியில் ஏற அவனுக்குக் கை கொடுத்தவரும் அங்கே இருந்தார். பெயர் வேலு, அறந்தாங்கிக்காரர், தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இவனத் தூக்கி விட்டே எனக்கு வந்துருச்சுக்கா," என்றார்.

"மொதல்ல எல்லாரும் டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றேன். "எல்லா முட்டி வலியும் ஒண்ணில்ல. ரொம்ப வீங்கி, சூடா, செவப்பா இருந்தா இதெல்லாம் செய்யாம உடனே போங்க."

"மூணு பேரு போன் பண்ணி டைம் வாங்கிட்டாங்கக்கா," என்றான் சேகர்.

ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தேன். காலைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். யாரோ பொட்டலத்தில் பிரியாணி கொண்டுவந்தார்கள்; சாப்பிட்டோம். திருச்சியில் தெரிந்தவர்களின் முழங்கால்களை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். "வயசாச்சு" என்ற ஒரே வார்த்தையில் எத்தனை பேர் எழுந்து நடப்பதையே விட்டுவிட்டார்கள்! எங்கள் ஊரில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீவிக்கொள்ளும் வலி, இங்கே நட்டநடு நகரத்தில், ரயிலும் கோபுரங்களும் பார்த்துக்கொண்டிருக்க, புல்லின் மேல் வெட்கமில்லாமல் மல்லாந்து கிடந்தது.

நேரமாகிவிட்டது. சேகர் ரயில் நிலையம்வரை வருகிறேன் என்றான். வேண்டாம், பாதியில் விடாதே, முடி என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவனைத் தடுத்து, "குனியாதடா, படு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே துண்டில் படுத்தான்.

சாலையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். கப்பல்களுக்குத் தையல் போட்ட ஏழு பேரின் கால்கள் நேராக மேலே எழுந்து நின்றன. நான்கு உறுதியாக நின்றன. இரண்டு நடுங்கின. சேகருடையது மற்றவற்றை விடத் தாழ்வாக, ஆனால் அசையாமல் இருந்தது. அஞ்சு என்று அவன் குரல்தான் சத்தமாகக் கேட்டது.